37.5 டிகிரி: பிரசவத் தண்ணீருக்கு ஓர் அளவு வந்த வரலாறு



நம் கூட்டமைப்பு மலரில் சேமிப்பு, கடன், தொழில் என்று பலரும் எழுதியிருப்பீர்கள். நான் தண்ணீரைப் பற்றி, அதுவும் பிரசவத் தண்ணீரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. சுகாதாரப் பயிற்சிக்காகக் குழுக் கூட்டங்களுக்குப் போகும்போது, சில வருஷமாக ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "அக்கா, செல்லுல பார்த்தேன். வெளிநாட்டுல ஒரு பொண்ணு தொட்டித் தண்ணியில உட்கார்ந்துக்கிட்டே பிள்ளை பெத்துக்கிறா. வலியே இல்லாத மாதிரி இருக்கா. நிஜமா?" என்று இளம் பெண்கள் கேட்பார்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள் விடமாட்டார்கள். "அந்தத் தண்ணி எவ்வளவு சூடு இருக்கும்? குளிர்ந்து போச்சுன்னா பிள்ளைக்கு ஆகுமா? கொதிச்சா தாய்க்கு ஆகுமா?" என்பார்கள்.

பெரியவர்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கு ஒரு பதில் கிடைக்க உலகத்துக்கு ஏறக்குறைய 200 வருஷம் ஆனது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். சம்பவங்கள் பெரும்பாலும் பிரான்சிலும் பிரிட்டனிலும் நடந்தவை. ஆனாலும் அதில் நமக்கு எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

முழங்கைக் கணக்கு

பிரசவம் என்றாலே வெந்நீர் என்பது நமக்குப் புதுசு இல்லை. வீட்டில் பிரசவம் பார்த்த காலத்தில் வலி எடுத்ததும் முதல் வேலை அடுப்பில் அண்டாவை ஏற்றுவதுதான். பிள்ளை பெற்றவளுக்கு இடுப்பில் வெந்நீர் ஊற்றுவோம். குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது முழங்கையை முக்கிப் பார்த்து, "பதமா இருக்கு" என்போம்.

முழங்கை மோசமான கருவி இல்லை. இரண்டு குவளை ஊற்றி முடிக்கிற குளியலுக்கு அது போதும். ஆனால் அடுப்படியிலிருந்து வந்தவளுக்கு ஒரு சூடு, கிணற்றடியிலிருந்து வந்தவளுக்கு வேறு சூடு தெரியும். மார்கழியில் பதமாக இருப்பது சித்திரையில் சுடும். ஒரு பெண் மணிக்கணக்காக மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து வலி கழிக்கிறாள் என்றால், அங்கே முழங்கைக் கணக்கு செல்லாது. இதை உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது என்பதுதான் இந்த வரலாறு.

தொட்டியில் பிறந்த குழந்தை

ஐரோப்பிய மருத்துவப் பதிவுகளில் தண்ணீருக்குள் நடந்த பிரசவம் என்று முதலில் காட்டப்படுவது பிரான்சில் 1803-ல் நடந்தது. இரண்டு நாளாக வலியில் கிடந்து ஒரு பெண் சோர்ந்துபோனாள். எம்ப்ரி என்ற மருத்துவர் அவளை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் உட்கார வைத்தார். உடம்பு தளர்ந்து ஓய்வு கிடைக்கட்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் அவள் வெளியே வருவதற்குள் குழந்தை தண்ணீரிலேயே பிறந்துவிட்டது. மோன்பெலியே நகரத்து மருத்துவச் சங்கத்தின் இதழில் 1805-ல் அவர் இதை எழுதி வைத்தார். எழுதி வைத்ததால்தான் இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது.

அந்தக் காலத்தில் உடம்புச் சூட்டை அளந்து பார்ப்பது டாக்டர்களின் வழக்கத்திலேயே இல்லை. தெர்மாமீட்டர் சுமார் ஓர் அடி நீளம். ஒரு தடவை சூடு பார்க்க 20 நிமிஷம் ஆகும். கிளிஃபர்ட் ஆல்பட் என்ற ஆங்கிலேய டாக்டர் 1866-ல் 6 அங்குலத் தெர்மாமீட்டரைச் செய்தார். அதில் 5 நிமிஷத்தில் பார்த்துவிடலாம். ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து டாக்டர் வுண்டர்லிஷ் ஏறக்குறைய 25,000 நோயாளிகளின் சூட்டைத் திரும்பத் திரும்ப அளந்து எழுதி, 1868-ல் ஒரு புத்தகமாகப் போட்டார். மனிதருக்குச் சாதாரணச் சூடு 37 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கு அதிலிருந்துதான் ஊருக்குள் பரவியது. நம் வீட்டுக் காய்ச்சல் தெர்மாமீட்டரில் பார்க்கும் 98.6 டிகிரி ஃபாரன்ஹீட்டும் இதுவும் ஒன்றே.

இந்த 37-ஐ மனசில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பித்திவியேவில் வாங்கிய நீச்சல் தொட்டி

எம்ப்ரிக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் இந்த விஷயம் பெரிதாக வளரவில்லை. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தாய் சேய் உயிர் காப்பாற்றப்படுவது கூடியது. கூடவே, கண்ணைக் கூசும் விளக்கு, இரும்புக் கட்டில், மல்லாக்கப் படுத்தே பெற வேண்டிய கட்டாயம், பிறந்த குழந்தையை உடனே தாயிடமிருந்து பிரிப்பது எல்லாம் வந்தன.

இது சரியில்லை என்று கேட்டவர்களில் ஒருவர் பிரெஞ்சு மகப்பேறு டாக்டர் ஃபிரெடரிக் லெபோயர். 1974-ல் அவர் எழுதிய புத்தகம் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அறையில் மங்கலான வெளிச்சம் போதும், சத்தம் வேண்டாம், பிறந்ததும் குழந்தையைத் தாயின் வயிற்றில் போடுங்கள், பிறகு உடம்புச் சூடு அளவுள்ள தண்ணீரில் மெதுவாக மிதக்க விடுங்கள் என்றார். அவருக்கு நம் நாட்டோடு தொடர்பு உண்டு. இந்தியாவுக்கு வந்தவர். கல்கத்தாவில் ஒரு தாய் தன் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதைப் பார்த்து அசந்துபோய், 1976-ல் 'ஷாந்தலா' என்று அந்தத் தாயின் பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டார். நம் பாட்டிகள் தினமும் செய்த வேலையை ஐரோப்பா அப்படித்தான் கற்றுக்கொண்டது.

அவர் சொன்னது எல்லாம் சரியா என்றும் சோதித்துப் பார்த்தார்கள். 1980-ல் கனடாவில் நடந்த ஆய்வில், லெபோயர் முறைக்கும், சாதாரணமாகவே அன்போடு, பக்குவமாகப் பார்க்கும் பிரசவத்துக்கும் குழந்தைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அன்புதான் முக்கியம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லெபோயர் சொன்ன தண்ணீர் குழந்தைக்கு. தாய்க்குத் தண்ணீர் என்று வந்தது இன்னொரு பிரெஞ்சுக்காரரால். பாரிசுக்குத் தெற்கே பித்திவியே என்ற சின்ன ஊர். அங்கே அரசு ஆஸ்பத்திரியில் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் ஓடான். அவர் படித்தது அறுவை மருத்துவம். பிரசவத்தைப் பற்றி அதிகம் கற்றுக்கொண்டது மருத்துவச்சிகளிடமிருந்தும் தாய்மார்களிடமிருந்தும்தான். வலியில் இருக்கும் பெண்கள் தண்ணீரைத் தேடிப் போவதைக் கவனித்தார். 1970-களில் குழந்தைகள் விளையாடும் காற்றடைத்த நீச்சல் தொட்டி ஒன்றை வாங்கி வந்து வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பினார். வலி குறைய, உடம்பு இளக, மருந்து ஊசி குறைய என்பதுதான் நோக்கம். தண்ணீரிலேயே பிள்ளை பெற வேண்டும் என்பது திட்டமே இல்லை. சிலர் வெளியே வர மனசில்லாமல் அங்கேயே பெற்றார்கள். அப்படி 100 குழந்தை பிறந்த பிறகு, 1983-ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் அந்த அனுபவத்தை எழுதினார். உலகம் திரும்பிப் பார்த்தது.

தண்ணீர் ஏன் இதமாக இருக்கிறது? கிணற்றில் இறங்கினால் உடம்பு லேசாகிறதே, அதேதான். வயிற்றுப் பாரத்தைத் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது. இப்படியும் அப்படியும் திரும்ப முடிகிறது. வெதுவெதுப்பில் இடுப்புச் சதை இளகுகிறது. பயம் குறைகிறது.

சூடு கூடினால் என்ன ஆகும்

பிரிட்டனில் பெண்கள் இதை விரும்பிக் கேட்டார்கள். 1992-ல் அந்த நாட்டுப் பாராளுமன்றத்தின் சுகாதாரக் குழு, முடிந்த இடங்களில் எல்லாம் ஆஸ்பத்திரிகள் பிரசவத் தொட்டி வசதியைத் தர வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. பெண்கள் தங்கள் பிரசவத்தைப் பற்றித் தாங்களே பேசி வாங்கிய உரிமை அது. பல ஆஸ்பத்திரிகளில் தொட்டி வந்தது. தண்ணீர் எத்தனை டிகிரி என்பதற்கு மட்டும் எல்லாருக்கும் பொதுவான ஒரு கணக்கு வரவில்லை.

மறு வருஷமே அதிர்ச்சி வந்தது. 1993-ல் பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். சூடான தொட்டியில் வலி கழித்த இரண்டு தாய்மாரின் குழந்தைகள் மூச்சுத் திணறலோடு பிறந்ததைச் சொல்லி, தண்ணீரின் அதிகச் சூடு காரணமாக இருக்கலாம் என்று எச்சரித்தார்கள். இதமாக இருக்கட்டும் என்று ஊற்றிய வெந்நீரே பிள்ளையைப் பாதிக்குமா என்ற கேள்வி அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

ஏன் பாதிக்கும் என்பதை நாம் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வயிற்றில் இருக்கும் குழந்தையின் சூடு தாயின் சூட்டைவிட ஏறக்குறைய அரை டிகிரி கூடுதலாகவே இருக்கும். குழந்தைக்கு வேர்த்து ஆற வழியில்லை. அதன் சூட்டை நஞ்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தம்தான் வாங்கிக்கொண்டு போகிறது. தாய் அதைத் தன் தோல் வழியாக வெளியே விடுகிறாள். இப்போது தாயே தன் உடம்பைவிடச் சூடான தண்ணீரில் கழுத்துவரை உட்கார்ந்தால்? தண்ணீருக்குள் வேர்வை காயாது, உடம்பு ஆறாது. தாயின் சூடு ஏறும். அதற்கும் மேலே குழந்தையின் சூடு ஏறும். சூடு ஏறின குழந்தைக்கு நெஞ்சு படபடக்கும், பிராணவாயு அதிகம் தேவைப்படும். வலி வந்து கருப்பை இறுகும்போதோ அதற்குக் கிடைக்கும் பிராணவாயு குறையும். தேவை கூடி, வரத்து குறைந்தால் குடும்பம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அதேதான் குழந்தைக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், மெல்ல ஏறும் சூடு உள்ளே இருப்பவளுக்குத் தெரியாது. "நல்லா இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றுதான் சொல்லத் தோன்றும்.

எண்ணும் வேண்டும், தாயின் சொல்லும் வேண்டும்

பயம் வந்ததும் சிலர் தொட்டியே வேண்டாம் என்றார்கள். சிலர் எல்லாம் கட்டுக்கதை என்றார்கள். ரூத் கில்பர்ட், பாட் டூக்கி என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 1994 ஏப்ரல் முதல் 1996 மார்ச் வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தண்ணீரில் நடந்த பிரசவங்கள் 4,032. அதில் குழந்தை இறப்பு 1,000-க்கு 1.2. சிக்கல் இல்லாத தாய்மார்களுக்கு வெளியே நடக்கும் பிரசவத்தில் இருக்கும் அளவுதான் இது. ஆனால் தண்ணீர் மூச்சுக்குழலில் போய்ச் சேர்க்கப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். 1999-ல் இந்தக் கணக்கு வெளியானது.

சுவிட்சர்லாந்தில் ஃபிராவன்ஃபெல்ட் நகரத்து ஆஸ்பத்திரி வேறு வழியில் போனது. தண்ணீரின் சூட்டைத் தாயே தன் உடம்புக்குத் தகுந்த மாதிரி வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நெருக்கமான கண்காணிப்போடு அப்படி விட்டதில் கெடுதல் இல்லை, தாய்க்குத்தான் தெரியும் என்று 2002-ல் எழுதினார்கள். தனக்கு எது இதம் என்று பிரசவிக்கும் பெண்ணே சொல்லலாம் என்று மருத்துவம் ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு பக்கத்தையும் சேர்த்து 2007-ல் பிரிட்டனின் தேசியப் பிரசவ வழிகாட்டுதல் ஒரு முடிவு சொன்னது. தண்ணீர் 37.5 டிகிரியைத் தாண்டக் கூடாது. மணிக்கு ஒரு தடவை தண்ணீரின் சூட்டையும் பார்க்க வேண்டும், தாயின் சூட்டையும் பார்க்க வேண்டும். தாய்க்கு இதமாக இருக்கிறதா, காய்ச்சல் மாதிரி ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். 37.5 என்பது நம் தெர்மாமீட்டரில் 99.5. அந்த எல்லைக்குக் கீழே எவ்வளவு இதம் என்பதைத் தாய் சொல்வாள். தூக்க மயக்கம் தரும் வலி ஊசி போட்டிருந்தால் 2 மணி நேரத்துக்குத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றும் அதில் உண்டு.

குளிர்ந்தாலும் ஆகாது

பெரியவர்களின் மற்றக் கேள்விக்கு வருகிறேன். தண்ணீர் ஆறிப்போனால் என்ன? தாய்க்கு நடுக்கம் எடுக்கும், இளகின உடம்பு இறுகும். தண்ணீரில் பிறக்கும் குழந்தை முதல் மூச்சை இழுப்பது வெளியே காற்றுப்பட்ட பிறகுதான். குளிர் தாக்கினால் அது தண்ணீருக்குள்ளேயே மூச்சிழுக்கும் அபாயம் உண்டு. அதனால்தான் குழந்தை வரும் நேரத்தில் தண்ணீரை உடம்புச் சூட்டை ஒட்டி வைக்கிறார்கள். குழந்தை முழுசாகத் தண்ணீருக்குள்ளேயே பிறந்து, உடனே மெதுவாக மேலே தூக்கப்பட வேண்டும்.

தூக்கின பிறகும் வேலை முடியவில்லை. ஈரத்தோடு இருக்கும் பச்சைக் குழந்தையின் சூடு வேகமாக இறங்கும். துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்து, மேலே காய்ந்த துணி போர்த்த வேண்டும். பிறந்த குழந்தையின் சூடு 36.5-க்கும் 37.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இது எந்த முறையில் பிறந்த குழந்தைக்கும் பொருந்தும். முதல் குளியலை 24 மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். "அழுக்கா இருக்கே, குளிப்பாட்டிடலாம்" என்று அவசரப்படுகிற பாட்டிமார் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்.

சூடான தண்ணீரை நாள்கணக்கில் தேக்கி வைப்பதும் ஆபத்து. இங்கிலாந்தில் சில குடும்பங்கள் ஹீட்டரும் பம்பும் வைத்த தொட்டியை முன்கூட்டியே நிரப்பி வீட்டில் வைத்திருந்தன. 2014-ல் அப்படி ஒரு தொட்டியில் பிறந்த குழந்தைக்கு லெஜியோனெல்லா என்ற கிருமியால் கடும் நுரையீரல் நோய் வந்தது. வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் வளரும் கிருமி அது. அந்த மாதிரித் தொட்டியை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று அரசு சுகாதாரத் துறை உடனே அறிவித்தது.

இன்றைக்கு என்ன நிலைமை

2018 வரை நடந்த 15 ஆய்வுகளை, 3,663 பெண்களின் விவரங்களோடு, ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வலி எடுக்கும் நேரத்தில் தண்ணீரில் இருந்தால் முதுகில் போடும் வலி மருந்தின் தேவை குறைகிறது, குழந்தைக்குக் கெடுதல் கூடவில்லை என்று தெரிந்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016-ல், மாதம் நிறைந்த, சிக்கல் இல்லாத பெண் வலி நேரத்தில் தண்ணீரில் இருக்கலாம், ஆனால் குழந்தை பிறப்பது வெளியேதான் இருக்க வேண்டும் என்று சொன்னது. பிரிட்டனில் 2024-ல் வந்த பெரிய ஆய்வு, சிக்கல் இல்லாத தாய்க்கு, பயிற்சி பெற்ற செவிலி பக்கத்தில் இருந்தால், தண்ணீரில் பிறப்பதிலும் கூடுதல் ஆபத்து இல்லை என்றது. தொப்புள்கொடி அறுந்துபோவது மட்டும் தண்ணீரில் சற்று அதிகம் என்றும் சொன்னது. இரண்டு நாட்டுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

ரத்த அழுத்தம், ரத்தப்போக்கு, காய்ச்சல், இரட்டைக் குழந்தை, மாதம் நிறையாத பிரசவம் இருப்பவர்களுக்கு இது கூடாது என்பதில் வேறுபாடு இல்லை.

நமக்கு என்ன

நம் நாட்டில் இந்த வசதி பெரிய நகரங்களில் சில தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். நம் அம்மாக்கள் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத முன்னேற்றம் இது. இதை எதற்காகவும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

2018-ல் திருப்பூரில் வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்கப்போய் ஒரு தாய் இறந்த செய்தியை நாம் எல்லாரும் படித்தோம். அது தண்ணீர்ப் பிரசவம் இல்லை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். செல்போனில் தெரிவது நீலத் தொட்டியும் சிரித்த முகமும். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற செவிலி, தெர்மாமீட்டர், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி, அவசரமானால் அடுத்த அறையில் இருக்கும் ஆபரேஷன் தியேட்டர், இதெல்லாம் படத்தில் தெரியாது. அதனால் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் ஊற்றி வீட்டில் செய்து பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், "கூடாது" என்று உரக்கச் சொல்லுங்கள். வலி வந்தால் 108.

வசதி உள்ள ஆஸ்பத்திரியில் விரும்பிச் செய்துகொள்பவர்கள் நான்கு கேள்வி கேளுங்கள். தண்ணீரின் சூட்டை எதால் அளப்பீர்கள்? எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை? தொட்டியை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள்? அவசரம் வந்தால் என்னை எப்படி வெளியே எடுப்பீர்கள்? பதில் தடுமாறினால் வேண்டாம்.

தொட்டி இல்லாத நம் ஆஸ்பத்திரிகளிலும் கேட்கக்கூடியவை உண்டு. பிரசவத் துணையாக வீட்டுப் பெண் ஒருத்தி கூட இருக்கலாமா, வலி நேரத்தில் நடக்கலாமா, வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பை நனைத்துக்கொள்ளலாமா, பிறந்ததும் குழந்தையை என் நெஞ்சில் போடுவீர்களா? கேட்பதில் தப்பில்லை. பிரிட்டன் பெண்களுக்குத் தொட்டி வந்ததும் கேட்டதால்தான்.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளைக் காப்பாற்றியது விலை உயர்ந்த இயந்திரம் இல்லை. ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதுகிற ஒரு செவிலி. குழு ஆரம்பித்த நாளிலிருந்து நாமும் நம்புவது அந்த நோட்டைத்தானே. யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன் என்று தீர்மான நோட்டில் ஏறாத எதையும் நாம் ஒப்புக்கொள்வதில்லை. உங்கள் குழுவில் கர்ப்பிணி இருந்தால் அவள் கார்டில் எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு ஒவ்வொரு மாதமும் ஏறியிருக்கிறதா என்று அடுத்த கூட்டத்தில் ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். காலியாக இருந்தால் நர்ஸம்மாவிடம் அழைத்துப் போங்கள்.